மாசிலாமணி வாயால் ஒரு நல்ல வார்த்தை

முன்னொரு காலத்தில், தண்டோரா போட்டால்தான் செய்தி என்று இருந்த நல்ல காலத்தில், ஒரு நாட்டைப் பத்மசேகரன் என்ற ராஜா ஆண்டுவந்தார். அப்போதெல்லாம் நாளுக்கு ஒரு செய்திதான் வரும். சாயங்காலம் அதைக் கேட்டுவிட்டு, மறுநாள் சாயங்காலம் வரை ஊரே நிதானமாக மென்றுகொண்டிருக்கும். ஒன்றை விழுங்குவதற்குள் அடுத்ததை வாயில் திணிக்கிற இந்தக் காலத்து வழக்கம் அப்போது கிடையாது. செய்திக்கே ஒரு மரியாதை இருந்தது.

ராஜாவுக்கு இளம் வயது. அப்பா காலமான பிறகு பட்டத்துக்கு வந்தவர். அப்பாவை ஊரில் எல்லோரும் பெரிய ராஜா என்பார்கள். பிள்ளைக்கு மனசு தங்கம், கைதான் சும்மா இருக்காது. காலையில் ஒரு யோசனை தோன்றும், மத்தியானம் அது உத்தரவாகும், சாயங்காலம் தண்டோராவாகும். வெள்ளிக்கிழமைச் சந்தையைச் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றினார். வண்டிகள் தெருவின் இடப்பக்கமாகத்தான் போக வேண்டும் என்றார். முச்சந்தி தோறும் விளக்குத் தூண் நட்டார். அரண்மனை மதிலில் வெற்றிலை எச்சில் துப்பக்கூடாது என்றார். இதில் பாதிக்கு மேல் நல்லதுதான், நானே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நல்லதையும் கொஞ்சம் பொறுத்துச் செய்தால் என்னவாம்?

தண்டோரா போடுகிற இடம் சந்தை முக்கு. அங்கே மாசிலாமணி என்ற பெரியவர் வெற்றிலைக் கடை வைத்திருந்தார். தண்டோரா முடிந்ததும் யாரும் வீட்டுக்குக் கிளம்ப மாட்டார்கள். ஆளுக்கு இரண்டு வெற்றிலை வாங்கிச் சுண்ணாம்பு தடவிக்கொண்டு கடையைச் சுற்றி நிற்பார்கள். மாசிலாமணி அபிப்பிராயம் சொன்னால்தான் அந்த ஊரில் செய்தி முடிந்ததாக அர்த்தம். அந்த அபிப்பிராயமும் எப்போதும் ஒரே மாதிரிதான் தொடங்கும்.

"பெரிய ராஜா காலத்துல இப்படியா இருந்துச்சு? மாடு எந்தப் பக்கம் போச்சோ அந்தப் பக்கம் வண்டி போச்சு. மாட்டுக்குத் தெரியாத வழியா மந்திரிக்குத் தெரியப்போவுது?"

விளக்குத் தூண் வந்த அன்றைக்கும் விடவில்லை.

"பெரிய ராஜா காலத்துல இருட்டுனா வீட்டுக்குப் போனோம். இப்ப வெளிச்சம் இருக்குன்னு ஒருத்தனும் வீடு போய்ச் சேர மாட்டேங்கறான். பொண்டாட்டிங்க எல்லாம் என்னை வந்து கேக்கறாங்க."

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். அந்தக் கூட்டத்தில் அரண்மனை விகடகவி ஆராவமுதும் தினமும் நிற்பார். ராஜாவைச் சிரிக்கவைப்பது அவர் உத்தியோகம். தான் சிரிப்பதற்கு அவர் மாசிலாமணியிடம்தான் வருவார்.

இது தலைமை மந்திரி சபேசர் காதுக்குப் போயிற்று. ஆராவமுதைக் கண்டாலே அவருக்கு ஆகாது. தான் அரைநாள் பேசினாலும் அசையாத ராஜா, ஆராவமுது வாயைத் திறந்ததும் திரும்பிப் பார்க்கிறாரே என்ற வயிற்றெரிச்சல்.

மறுநாள் சபையில் சபேசர் எழுந்தார்.

"அரசே, தங்கள் உத்தரவு ஒவ்வொன்றையும் சந்தை முக்கில் ஒரு வெற்றிலைக் கடைக்காரன் கேலி செய்கிறான். தங்கள் தந்தையாரோடு தங்களை ஒப்பிட்டுப் பேசுகிறான். தங்கள் விகடகவியும் அங்கே நின்று சிரிக்கிறார். அவனை ஆற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய் விட்டால்தான் ஊர் அடங்கும்."

ராஜாவின் முகம் வாடிப்போயிற்று. கேலி செய்ததுகூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை. அப்பாவோடு ஒப்பிட்டதுதான் சுருக்கென்று தைத்தது.

"நான் என்ன குறை வைத்தேன், ஆராவமுதா? ஒரு நாளாவது என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னாரா அந்தப் பெரியவர்?"

"இல்லை, அரசே. ஆனால் அவர் மனத்தில் கெடுதல் இல்லை. வாயில் சுண்ணாம்புதான் கொஞ்சம் அதிகம். இந்த வயதில் அவரை அக்கரைக்கு அனுப்பினால் ஒரு மாதம் தாங்கமாட்டார். அந்த முக்கைத் தவிர அவருக்கு வேறு உலகம் தெரியாது."

சபேசர் இதற்காகவே காத்திருந்தவர்.

"அப்படியானால் அந்த நல்ல வார்த்தையை விகடகவியே வரவழைக்கட்டும். அடுத்த சந்தை நாள் முடிவதற்குள் மாசிலாமணி தன் வாயால், பலர் முன்னால், பத்மசேகர மகாராஜாவின் ஆட்சியைப் புகழ வேண்டும். காசு கொடுக்கக்கூடாது, மிரட்டக்கூடாது, கெஞ்சக்கூடாது, விஷயத்தையும் சொல்லக்கூடாது. முடியாவிட்டால் இருவரும் அக்கரைக்குப் போகட்டும்."

ராஜாவுக்கு அந்தப் புகழ்ச்சியைக் கேட்டுவிட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஆசை வந்தால் யோசனை ஓடாது, அது ராஜாவானாலும் சரி, நாமானாலும் சரி. "அப்படியே ஆகட்டும். என் காதாலேயே நான் கேட்பேன்" என்று சொல்லிவிட்டார்.

ஆராவமுது அன்று சாயங்காலம் கவலையோடு கடைக்குப் போனார்.

"மதில்ல துப்பக்கூடாதுன்னு ராஜா சொன்னது நல்லதுதானே, ஐயா?"

"நல்லதுதான் தம்பி. ஆனா அதை நான் எத்தனையோ வருஷமா சொல்லிட்டிருக்கேன். பெரிய ராஜா காலத்துல சொன்னா கேட்டாங்க. உத்தரவா போட்டாங்க?"

ஆராவமுதுக்கு நம்பிக்கை போயிற்று. மாசிலாமணி ஈரத்துணியை உதறி வெற்றிலை மேல் போட்டுவிட்டு, வெறுமையாகக் கிடந்த சந்தைத் திடலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"போன வருஷம் இந்தத் திடல் முழுக்கத் தென்னம்பந்தல் போட்டிருந்துச்சே, ஞாபகம் இருக்கா? பச்சை ஓலை வாசனை. அது கீழ உக்காந்து பூக்காரப் பொம்பளைங்க பேசிச் சிரிக்கற சத்தம் கடை வரைக்கும் வரும். என்ன நிழல், என்ன குளிர்ச்சி. எந்தப் புண்ணியவான் செஞ்ச காரியமோ, இப்பப் பிரிச்சுட்டாங்க."

"அந்தப் பந்தலைப் போட்டது இதே ராஜாதானே, ஐயா? போட்ட அன்னிக்கு வானத்தை மறைச்சுட்டாங்கன்னு நீங்க திட்டினீங்களே?"

"அப்ப அது புதுசு" என்றார் மாசிலாமணி.

ஆராவமுது ஒரு கணம் அவரையே பார்த்தார். பிறகு வாங்கிய வெற்றிலையைக்கூட எடுத்துக்கொள்ளாமல் அரண்மனைக்கு ஓடினார்.

"அரசே, எனக்கு ஒரு தண்டோரா வேண்டும். அதோடு தங்கள் அரியணையும் வேண்டும். செவ்வாய்க்கிழமை பொழுது சாயத் தொடங்கியதிலிருந்து தெருவிளக்கு ஏற்றும் வரைக்கும் தாங்கள் உண்மையாகவே ராஜா பதவியை விட்டு இறங்கியிருக்க வேண்டும். பொய்யாகத் தண்டோரா போட்டால் வருகிற புகழும் பொய்யாகிவிடும்."

"நான் இறங்கினால் அங்கே யார் உட்காருவது?"

ஆராவமுது ராஜாவின் காதருகே போய் ஒரு பெயரைச் சொன்னார். ராஜா முதலில் முகம் சுளித்தார். பிறகு மீசைக்குள் சிரித்தார்.

செவ்வாய்க்கிழமை வந்தது. சந்தை நெரிந்தது. ராஜா முண்டாசு கட்டிக்கொண்டு, வண்டிக்காரர் வேஷத்தில் ஒரு மாட்டு வண்டியோடு நின்றார். அந்த மாடு பிடிவாதமாக வலப்பக்கம் இழுக்க, தான் போட்ட உத்தரவைத் தானே காப்பாற்ற முடியாமல் அவர் பட்ட பாட்டை யாரும் கவனிக்கவில்லை. பக்கத்தில் ஆராவமுது. எதிரே பல்லக்கில் சபேசர். இன்றோடு இரண்டு பேரும் தொலைந்தார்கள் என்று ஆசையாகப் பார்க்க வந்திருந்தார்.

தண்டோரா முழங்கியது.

"இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், பத்மசேகர மகாராஜா அரியணையை விட்டு இறங்கிவிட்டார். இந்தக் கணம் முதல் நாட்டை ஆள்பவர் தலைமை மந்திரி சபேசர் அவர்கள்."

சபேசர் திடுக்கிட்டார். பிறகு கை தானாக மீசைக்குப் போயிற்று. ராஜாவுக்கு உடம்புக்கு ஏதாவது ஆயிற்றா, ஏன் இறங்கினார் என்று ஒரு வார்த்தை அவர் கேட்கவில்லை. நேராகத் தண்டோராக்காரர் நின்ற மேடைக்கு ஏறினார்.

"எல்லோரும் கேளுங்கள். இனி என் பல்லக்கு வந்தால் குனிந்து நிற்க வேண்டும். சந்தை இனி என் மாளிகை வாசலில்தான் கூடும். முதல் வேலையாக, அந்த வெற்றிலைக் கடையைப் பிரித்துப் போடுங்கள்."

கூட்டம் வழக்கப்படி மாசிலாமணியைத் திரும்பிப் பார்த்தது. அவர் கடை போவதைப் பற்றி நினைத்ததாகவே தெரியவில்லை. கையிலிருந்த பாக்குவெட்டியைக் கீழே வைத்தார்.

"பத்மசேகர ராஜா காலத்துல இப்படியா இருந்துச்சு?"

கூட்டத்தில் ஒருவருக்கும் தன் காதையே நம்ப முடியவில்லை. வண்டிக்காரர் வேஷத்தில் நின்றவர் மாட்டுக் கயிற்றை நழுவவிட்டார்.

"எப்பேர்ப்பட்ட ராஜா. செவ்வாய்க்கிழமை சந்தை வெச்சாரு. வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் போகணும், சந்தைக்கும் ஓடணும்னு பொம்பளைங்க பட்ட அவதி அதோட தீர்ந்துச்சு. வண்டியெல்லாம் ஒரு பக்கமா போச்சு, ஒரு குழந்தை அடிபடல. தெருவுல விளக்கு எரிஞ்சுது, என்னை மாதிரி கண்ணு மங்கினவன் தடுக்கி விழாம வீடு போய்ச் சேர்ந்தான். அதெல்லாம் பொற்காலம். அது போச்சு."

அவர் சுண்ணாம்புச் சிமிழை மூடி வைத்தார்.

"சின்ன வயசுல அவங்கப்பா தோள்ல உக்காந்து இந்தக் கடைக்கு வருவாரு. பெரிய ராஜா வெத்தலை மடிக்கறப்ப இவருக்கு ஒரு காம்பைக் கிள்ளிக் குடுப்பேன். கடிச்சுப் பாத்துட்டு மூஞ்சியைச் சுளிப்பாரு. பட்டத்துக்கு வந்தப்பறம் தினம் உத்தரவு வந்துச்சு, அவரு மட்டும் வரவே இல்ல. திட்டினாலாவது காதுல விழுந்து ஒருநாள் வருவாருன்னு பாத்தேன். இனிமே யாரைத் திட்டி நான் என்ன பண்றது?"

தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குள் முக்கில் இருந்த விளக்குத் தூணில் திரியை ஏற்றினார்கள்.

வண்டிக்காரர் முண்டாசை அவிழ்த்தார். கூட்டம் விலகி வழிவிட்டது.

"சபேசரே, உமது ஆட்சி முடிந்தது. கீழே இறங்கும்."

சபேசர் மேடையை விட்டு இறங்கினார். ஆனாலும் விடவில்லை.

"அரசே, இது செல்லாது. பதவியில் இல்லாத ராஜாவைத்தான் அவன் புகழ்ந்தான்."

ஆராவமுது கைகட்டி நின்றார்.

"மந்திரியார் கேட்டது பத்மசேகர மகாராஜாவின் ஆட்சியைப் புகழ வேண்டும் என்று. பெரியவர் அதைத்தான் புகழ்ந்தார். மகாராஜா பதவியில் இருக்கும்போது புகழ வேண்டும் என்று மந்திரியார் சபையில் சொல்லவில்லையே."

ராஜா சபேசரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் கடைக்குப் போய் மாசிலாமணி எதிரில் நின்றார். பெரியவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். சந்தோஷமா கோபமா என்று முகத்தில் தெரியவில்லை.

"அப்ப இன்னமும் நீங்கதான் ராஜாவா, மகாராஜா?"

"நான்தான், பெரியவரே. ஒன்று கேட்கிறேன். என் அப்பாவையும் நீர் திட்டியது உண்டா?"

"திட்டாமயா? புதன்கிழமை கூடின சந்தையை வெள்ளிக்கிழமைக்கு மாத்தினது யாரு? அவருதான். உங்க பாட்டனார் காலத்துல இப்படியான்னு வருஷக்கணக்கா திட்டினேன். இங்கயே நின்னு கேட்டுச் சிரிச்சுட்டு, வெத்தலை போட்டுக்கிட்டுப் போவாரு."

"பிறகு எப்போது புகழ ஆரம்பித்தீர்?"

மாசிலாமணி வெற்றிலையை எடுத்தார், நரம்பைக் கிள்ளினார், திரும்பக் கீழே வைத்தார்.

"அவரைத் தூக்கிட்டுப் போன அன்னிக்குச் சாயங்காலம், மகாராஜா. அதுவரைக்கும் அவர் காதுல விழற மாதிரி ஒரு நல்ல வார்த்தை நான் சொன்னதில்ல."

ராஜா அந்த இடத்திலேயே அழுதுவிட்டார். அப்பா போன பிறகு அவர் அழுதது அதுதான் முதல் தடவை. ஆராவமுதுகூட வாயை மூடிக்கொண்டிருந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு ராஜா முகத்தைத் துடைத்துக்கொண்டு, தம் கையில் இருந்த பொற்காப்பைக் கழற்றி ஆராவமுதின் கையில் போட்டார். ஒவ்வொரு சந்தை நாளும் சபேசர் பல்லக்கு இல்லாமல் நடந்துவந்து, இந்தக் கடை முன்னால் நின்று, மாசிலாமணி சொல்வதை முழுக்கக் கேட்டுவந்து சபையில் சொல்ல வேண்டும் என்றார். அதற்குப் பிறகு தண்டோராக்காரரைக் கூப்பிட்டார்.

"நான் சொல்வதை இப்போதே முழங்கு. நான் உயிரோடு இருக்கும்வரை என்னைப் புகழ வேண்டாம். சந்தை முக்கு மாசிலாமணி ராஜாவை இஷ்டம்போல் திட்டலாம், இது உத்தரவு. வாரம் ஒருநாள் ராஜாவே நேரில் வந்து கேட்பார்."

தண்டோரா முழங்கி ஓய்ந்தது. கூட்டம் வெற்றிலைக்குக் கை நீட்டியபடி மாசிலாமணியின் முகத்தைப் பார்த்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"திட்டறதுக்குக்கூட உத்தரவா? பெரிய ராஜா காலத்துல உத்தரவு இல்லாமலே திட்டினோம்."

ராஜா சிரித்த சிரிப்பில் வண்டி மாடு மிரண்டு வலப்பக்கமாகவே ஓடியது. அதைப் பிடிக்க யாரும் போகவில்லை.