சிவப்பு வரி

"இந்தத் தடவையும் வகுப்புல பாதிப் பேர் ஓடிடுவாங்க பாரு. புத்தி இருக்கிறவன்தான் நிப்பான்."

குளக்கரைப் புதருக்குப் பின்னால் முள்ளம்பன்றி கூரன் குரங்கிடம் சொன்னது, அந்தப் பக்கமாகப் போன சருகுமான் செல்லியின் காதில் விழுந்தது. ஓடப்போகிற பாதியில் தான்தான் முதல் ஆள் என்று அதற்குத் தோன்றியது.

கோடைக்காலம். எந்தச் சுனையில் தண்ணீர் இருக்கிறது என்று காடு முழுவதும் அறிய, வலைப்பக்கம் செய்யக் கற்றுக்கொடுத்தது கூரன். பக்கத்தை ஏற்றும் மென்பொருள் கருவியும் கூரன் செய்ததுதான். பொழுது சாய்வதற்குள் தன் பக்கத்தை ஏற்றாத விலங்குக்கு வகுப்பில் இடமில்லை.

செல்லி காலையிலிருந்து முயன்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் திரையில் ஒரே சிவப்பு வரி: "தவறு." எங்கே தவறு, என்ன தவறு, ஒன்றும் இல்லை. கேட்கலாமென்று எழுந்தது. "இதுகூடத் தெரியாமலா வந்தே, தங்கச்சி?" என்று குரங்கு முந்தின நாள் சிரித்தது நினைவுக்கு வந்தது. உட்கார்ந்துவிட்டது.

வெயில் இறங்க இறங்க மறுபடி மறுபடி தட்டிப் பார்த்தது. கடைசியில் கணினியைத் தூக்கிக்கொண்டு கூரனிடம் போனது.

"எனக்கு இது வராது, அண்ணே. என் இடத்தை வேற யாருக்காவது கொடுத்துடுங்க."

ஒரு நிமிஷ வேலை என்று முணுமுணுத்தபடி கூரன் அதை வாங்கித் தட்டியது. தவறு. முட்கள் சிலிர்த்தன. மறுபடி தட்டியது. தவறு.

குரங்கு எட்டிப் பார்த்து, "அண்ணனும் ஓடுற பாதியா?" என்றது.

வெகுநேரம் தேடிய பிறகுதான் தெரிந்தது. படங்களை வைக்க ஒரு கோப்புறை வேண்டும். கூரனின் கணினியில் என்றைக்கோ உருவாக்கிய கோப்புறை அப்படியே இருந்தது. அதனால் அந்தச் சிவப்பு வரியைக் கூரன் ஒருநாளும் பார்த்ததில்லை. புதிதாக வந்த செல்லியின் கணினியில் கோப்புறையே இல்லை.

"இதை அந்த வரியே சொல்லியிருக்கலாமே, அண்ணே" என்றது செல்லி, மிக மெதுவாக.

வழி தெரியாதவனுக்குப் புரியாவிட்டால், வழி தெரிந்தவன் நட்ட கைகாட்டி வெறும் கட்டைதான்.

கூரன் கருவியைத் திறந்தது. "தவறு" என்ற சொல்லை அழித்தது. அந்த இடத்தில், "படங்கள் என்ற கோப்புறை இல்லை. ஒன்றை உருவாக்கிவிட்டு மறுபடி முயலவும்" என்று எழுதியது. பிறகு கணினியைச் செல்லியின் பக்கம் திருப்பி, "படிச்சுப் பாரு, புரியுதா?" என்று கேட்டது.