சடைநாச்சி வாசல் தாண்டாத கதை

அந்தக் காலத்தில், காடும் மீனும் பிறக்கும் முன்னே, ஒரு குட்டைத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத செல் ஒன்று இருந்தது. அதற்குள் இருந்தவர்கள் எல்லோரும் பேசுவார்கள். அதிகம் பேசியவள் சடைநாச்சி.

பேசாமல் என்ன செய்வாள்? செல்லுக்கு வேண்டிய ஒவ்வொரு புரதத்தின் செய்முறையும் அவள் உடம்பில்தான் எழுதியிருந்தது. இரண்டு இழை முறுக்கிய சடை. எழுத்து நான்கே நான்கு. ஒவ்வொரு எழுத்துக்கும் எதிர் இழையில் ஒரே ஒரு ஜோடி. அந்தச் சடையைத் தூக்கிக்கொண்டு, உள்ளறையிலிருந்து பட்டறைக்குத் தினமும் அவளே நடப்பாள். அங்கே மாலைக்காரன் மூன்று மூன்று எழுத்தாகப் படித்து, மூன்றுக்கு ஒரு மணி வீதம் கோர்ப்பான். மாலை சுருண்டு மடிந்தால் புரதம்.

ஒருநாள் பட்டறை நெரிசலில் சடையிலிருந்து ஒரு ஜோடி எழுத்து உதிர்ந்தது. ஒன்றுதானே என்று விட்டுவிட்டார்கள். மாலைக்காரன் வழக்கம்போல் மூன்று மூன்றாகப் படித்தான். உதிர்ந்த இடத்துக்கு அப்புறம் எல்லாமே ஓர் எழுத்து தள்ளிப்போய், வந்தது வெறும் குப்பை. வெளிச்சத்தை உணரும் புரதம் அத்தோடு ஒழிந்தது.

மறுநாள் செல்லின் சுவர் விரிசல் விட்டது. தண்ணீர் உள்ளே பாய்ந்தது. சடைநாச்சி பதறிப்போய்ப் பட்டறைக்குக் கிளம்பினாள். உதிரி எழுத்துகளை ஒட்டிக்கொண்டு உள்ளறையில் திரியும் ஒற்றை இழை நூலி, வாசலை மறித்தாள். அவளை அதுவரை யாரும் ஒரு பொருட்டாக மதித்ததில்லை.

“அத்தே, நீங்க போகாதீங்க.”

“வழிய விடுடி. என் எழுத்த வேற யாரு சுமப்பா?”

“நான் சுமக்கிறேன். சுவரோட செய்முறை எழுதியிருக்கிற இடத்துல மட்டும் முறுக்க அவிழுங்க. எழுத்துக்கு எழுத்து ஜோடி சேர்த்துப் படியெடுத்துக்கிறேன்.”

“வெளிய ஒத்த இழையக் கண்டா வெட்டிப்போடுற கத்தரிக்காரங்க நிக்கிறாங்க. நீ ஒத்த இழை, தாங்கமாட்டே.”

“நான் கிழிஞ்சா இன்னொருத்திய அனுப்பலாம். நீங்க கிழிஞ்சா யார அனுப்புறது?”

சடைநாச்சி, யாரையும் தொடவிடாத சடையைத் தன் கையாலேயே அவிழ்த்தாள்.

நூலி ஓடினாள். பயமாகத்தான் இருந்தது. மாலைக்காரன் படிக்கப் படிக்க மணிகள் சேர்ந்தன, மாலைக்கு மேல் மாலை விழுந்தது, விரிசல் மூடிக்கொண்டே வந்தது. அதற்குள் கத்தரிக்காரர்கள் அவள் வாலைப் பிடித்துவிட்டார்கள்.

“அண்ணே, முடிஞ்சுதா?”

“கடைசி மாலை. ஒரே ஒரு மணிதான், தாயி.”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கடைசி மூன்று எழுத்து ‘நிறுத்து’ என்றது. விரிசல் முழுதும் மூடி, சுவர் உறுதியாக நின்றது.

“ஒரு எழுத்தாவது தப்பிருக்கா?”

“ஒண்ணுகூட இல்ல.”

அது போதும் நூலிக்கு. தலை நிமிர்ந்தபடியே துண்டு துண்டானாள். அவளுடைய எழுத்துகள் மிதந்து மிதந்து உள்ளறைக்கே வந்துசேர்ந்தன. சடைநாச்சி அவற்றைப் பொறுக்கி, அடுத்த நூலியிடம் கொடுத்தாள்.

அன்று முதல்தான், நாம் டி.என்.ஏ. என்று அழைக்கும் சடைநாச்சி உள்ளறை வாசலைத் தாண்டுவதே இல்லை, நம் உடம்பிலும் இந்த நொடி சடையை அவிழ்த்து ஒரு நூலியை அனுப்பிவிட்டு, “போறா பாரு, என் மக!” என்று பூரித்து நிற்கிறாள்.