படத்தை அனுப்பியவர்

பத்தாம் வகுப்பு முத்தரசியின் முகத்தை, மது பாட்டில் பிடித்த வேறொருத்தியின் உடம்போடு ஒட்டி யாரோ வாட்ஸ்அப்பில் பரப்பிவிட்டார்கள். பள்ளித் தாளாளர் ஞானதுரை அவளையும் அவள் அப்பாவையும் ஆசிரியர்கள் முன்னால் வரவழைத்தார்.

"பள்ளிக்கூடத்து மானமே போச்சு. சாயங்காலத்துக்குள்ள இந்தப் படம் எந்த ஃபோன்லயும் இருக்கக் கூடாது. இருந்தா உனக்கு டிசிதான்."

"அது ஒட்டுவேலை சார்," என்றார் அப்பா. தாளாளர் காதில் வாங்கவில்லை.

முத்தரசி பணிவாகக் கேட்டாள். "அழிக்கப் பாக்குறேன் சார். ஆனா நான் அழிக்க அழிக்க மத்தவங்க அனுப்பிக்கிட்டே இருந்தா?"

"அனுப்பினது யாரா இருந்தாலும் எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேக்க வைக்கிறேன். போதுமா?"

"போதும் சார். எங்க வீட்டுக்கு அந்தப் படம் பெற்றோர் குரூப்ல வந்துச்சு. 'இந்த மாதிரிப் பிள்ளைகளோடு சேர விடாதீர்கள்'னு எழுதி நீங்கதான் அனுப்பியிருந்தீங்க."

தாளாளர் கைப்பேசியில் பெற்றோர் குரூப்பைத் திறந்து, தான் அனுப்பியதைப் பார்த்தார். பிறகு மெல்ல எழுதத் தொடங்கினார்.

அப்பாவின் கைப்பேசி ஒலித்தது. 'அது பொய்ப் படம். விசாரிக்காமல் அனுப்பியது என் தவறு, மன்னியுங்கள். எல்லோரும் அழித்துவிடுங்கள். உருவாக்கியவர் மீது பள்ளியே புகார் கொடுக்கும்.'

அப்பா அதை இரண்டு முறை படித்தார். "நீ வகுப்புக்குப் போம்மா," என்றார்.