ஆறு கட்டை மகாராஜா

கொடிக்கோட்டை சமஸ்தானத்து ராஜா அதிரகண்டருக்குத் தெரியாத விஷயமே கிடையாது. "உங்களுக்கு இது தெரியாது" என்று சொல்ல ஆள் இல்லாததால் வந்த வினை அது.

ஒரு நாள் கச்சேரிக்கு முன், ஆஸ்தானப் பாடகர் அரியநாயக பாகவதர் ஆர்மோனியக்காரரிடம், "ஒரு கட்டை சுருதி வைங்க" என்றார். ராஜா காதில் விழுந்துவிட்டது.

"ஒன்றா? அண்டை சமஸ்தானத்துப் பாடகி எத்தனை கட்டை?"

"அஞ்சு, மகாராஜா" என்று மூக்கால் பேசிப் போட்டுக்கொடுத்தார் திவான் சபாரத்தினம்.

பாகவதர் பதறினார். "ஆர்மோனியத்தில் எந்தக் கட்டையை 'ஸ'வாக வைத்து ஆரம்பிக்கிறோம் என்கிற கணக்குதான் அது, மகாராஜா. அந்தம்மா குரலுக்கு அஞ்சு வசதி, என் குரலுக்கு ஒண்ணு."

"அஞ்சு பெரிசா, ஒண்ணு பெரிசா?"

"அஞ்சுதான்... ஆனா..."

"ஆனாவாவது ஆவன்னாவாவது! மானம் போச்சு! இன்று முதல் பதவிப்படிதான் கட்டை. எனக்கு ஆறு. தளவாய்க்கு அஞ்சு. திவானுக்கு நாலு. பாகவதருக்கு அரை. எங்கே, எல்லாரும் சேர்ந்து விநாயகர் துதி!"

ஆரம்பித்தார்கள். ஆறு கட்டையில் ராஜா வீறிட்டதும், பூனை வாலை மிதித்தது யாரென்று சமையல்காரர் எட்டிப் பார்த்தார். தளவாய் போருக்குக் கூப்பிடுகிற மாதிரி கத்தினார். திவான் மூக்கு தனி ஆவர்த்தனம் நடத்தியது.

பாடி முடித்த கையோடு திவான் உருகினார். "தேன், மகாராஜா! காதுக்குள்ள எறும்பே வந்துடும்!"

பாகவதரால் பொறுக்க முடியவில்லை. "சேர்ந்து பாடினா எல்லாரும் ஒரே கட்டையில நிக்கணும், மகாராஜா. ஆளுக்கொரு 'ஸ' வச்சா அது பாட்டில்லை, பங்காளிச் சண்டை."

"உனக்கும் எனக்கும் ஒரே கட்டையா? ராஜத்துரோகம்! சிறையில் பூட்டுங்கள் இவரை. நாளைக்கு நாடு கடத்துங்கள். இனிமேல் என் கட்டைக்கு மேலே எவன் பாடினாலும் இதே கதிதான்!"

மறுநாள் பாகவதர் மூட்டையோடு சபையில் நின்றார். வயசான காலத்தில் எங்கே போவது என்று கண் கலங்கியிருந்தது. அப்போது அரண்மனை விகடகவி மருதையன், துணி கட்டிய கண்ணாடி ஜாடியோடு ஓடிவந்தார்.

"மகாராஜா! உங்க கட்டைக்கு மேலே பாடுற துரோகியைப் பிடிச்சுட்டேன்! அதுவும் உங்க படுக்கையறையிலேயே!"

ராஜா வாளை உருவினார். "எங்கே அவன்?"

ஜாடிக்குள் ஒரு கொசு. ஙொய்ய்ய்...

மருதையன் ஆர்மோனியத்தை இழுத்துவைத்தார். ஆறாவது கட்டையை அமுக்கினார். கொசு அதற்கு மேலே. எட்டு. இன்னும் மேலே. பத்து. இன்னும் மேலே. பதிமூன்றாவது கட்டையில் ஆர்மோனியமும் கொசுவும் ஒன்றாக ரீங்கரித்தன.

"பதிமூணு கட்டை! சட்டப்படி இப்போ சமஸ்தானத்துல பெரியவர் இவர்தான். சிம்மாசனத்துல ஜாடியை வைக்கவா?"

திவான் பழக்கதோஷத்தில் எழுந்து ஜாடியைப் பார்த்துக் கும்பிட்டார்.

ராஜாவுக்கு வாய் கோணியது. மீசை துடித்தது. பிறகு வயிறு குலுங்கியது. சிரித்துச் சிரித்து வாளைக் கீழே போட்டார். "அப்போ கட்டையில் பெருமை இல்லையா, மருதையா?"

"கட்டைங்கிறது ஏணியைச் சாத்துற இடம், மகாராஜா. தரையில சாத்துங்க, மேடையில சாத்துங்க, படிகளோட இடைவெளி மாறாது. பாட்டும் அப்படித்தான். அவரவருக்குக் கால் எட்டுற இடத்துல சாத்தணும், அவ்வளவுதான்."

"என் கால் எங்கே எட்டும்?"

பாகவதர் மூட்டையை இறக்கிவிட்டு ஒன்றாம் கட்டையை அமுக்கினார். ராஜா அதில் பாடினார். பிரமாதம் என்று சொல்ல முடியாது. ஆனால் அது பாட்டு என்று தெரிந்தது.

பாகவதருக்குப் பழைய பதவியும் பொன்னாடையும் கிடைத்தன. மருதையன் கழுத்தில் முத்துமாலை விழுந்தது.

"இந்தக் கொசுவை நசுக்கிவிடலாமா?" என்றார் ராஜா.

"வேண்டாம், மகாராஜா. காதுல சொல்லிட்டு உங்க ரத்தத்தைக் குடிக்கிறது இந்த அரண்மனையில இது ஒண்ணுதான்!"