அத்திச் செடியோட வாசலை அடைச்ச நத்தை

குளத்தங்கரையில நிழலுன்னு இருந்தது ஒரே ஒரு குட்டி அத்திச் செடிதான். அதோட இலைக்கு அடியில மாசிலான்னு ஒரு நத்தை குடியிருந்துச்சு. செடி செத்துதுன்னா மாசிலா அன்னைக்கே சுட்ட அப்பளம்!

கோடை வந்துச்சு. மத்தியானமானா செடி, "உஸ்ஸ்... என்னா வெயிலு"ன்னு தலையைத் தொங்கப் போட்டுக்கும். மாசிலா கூட்டுக்குள்ள சுருங்கிக்கும்.

ஒருநாள் இலையோட அடிப்பக்கத்தை உத்துப் பாத்துச்சு. அங்க பொடிப்பொடியா எக்கச்சக்க ஓட்டை! எல்லாத்துலயும் ஈரம் ஆவியா போய்க்கிட்டிருந்துச்சு.

"கூறுகெட்ட செடியே, கோடையில யாராச்சும் வாசலைத் தொறந்து போடுவாங்களா? நாங்கல்லாம் கூட்டு வாசல்ல கோழையைப் பூசி அடைச்சிட்டு, மழை வர்ற வரைக்கும் தூங்குவோம்."

"இருடா, அந்த ஓட்டை எதுக்குன்னா..."

எங்க நின்னு கேட்டுச்சு? மாசிலா அதுக்குள்ள ஓட்டை மேல கோழையைப் பூச ஆரம்பிச்சிருச்சு. பொறந்ததுல இருந்து அது அவ்ளோ வேகமா போனதே இல்ல.

பூசி முடிச்சதும் செடி மத்தியானத்துலயும் நிமிந்து நின்னுச்சு.

"எப்படி இருக்கு?"

"ம்ம்... ம்ம்ம்..."

"பாரு, சந்தோஷத்துல பேச்சே வரல."

ஆனா நாளாக ஆக இலையெல்லாம் வெளுத்துச்சு. துளிர் விட வேண்டிய மொட்டு அப்படியே சுருங்கிச்சு. மாசிலா யோசிச்சு, "இன்னொரு கோட்டு அடிச்சாதான் சரிப்படும்"னு அடிச்சும் விட்டுச்சு.

முடிச்சுட்டுத் திரும்புனா, கரையில பொம்மின்னு ஒரு தவளை தூங்கிட்டிருந்தா. முதுகெல்லாம் பளபளன்னு ஈரம்.

"ஐயோ, அக்காவும் கசியிறா!"

அவ முதுகுலயும் ஒரு பூச்சு.

பொம்மி முழி பிதுங்க எந்திரிச்சா. குளத்துல தொபுக்குன்னு விழுந்து, சேத்துல பொரண்டு கழுவிட்டு வந்தா.

"அடப்பாவி, மூச்சை அடைச்சிட்டியேடா!"

"மூக்கை நான் தொடவே இல்லையேக்கா?"

"நான் தோலாலயும் மூச்சு விடுறவடா. தோல் ஈரமா இருந்தாதான் காத்து உள்ள வரும். ஈரம் காஞ்சா குளத்துல ஒரு முங்கு போட்டுக்குவேன். காத்து நின்னா எங்க போய் முங்குறது?"

மாசிலா மெதுவா செடியைப் பாத்துச்சு. "அப்போ செடி..?"

பொம்மி அண்ணாந்து பாத்தா. தலையில அடிச்சுக்கிட்டா.

"வெயிலு அதுக்கு அடுப்பு. வேரு கொண்டாறது உலைத்தண்ணி. அந்த ஓட்டை வழியா வர்ற காத்துதான்டா அரிசி! அது சட்டுனு உள்ள போய்ச் சேரத்தான் இலையை மெல்லிசா, உள்ள சந்துசந்தா கட்டி வச்சிருக்கு. ரொம்பக் காஞ்சா வாசலை அதுவே சாத்திக்கும். நீ அரிசியை வெளியவே நிறுத்திட்டு, உலைத்தண்ணி பத்திரமா இருக்குன்னு பெருமை பேசுற."

"அக்கா, எப்படியாச்சும் காப்பாத்துக்கா. இது போச்சுன்னா நானும் போனேன்."

பொம்மி குளத்துல குதிச்சுக் குதிச்சுச் செடி மேல தண்ணியைத் தெறிக்க விட்டா. கோழை ஊறுச்சு. மாசிலா தன்னோட சொரசொர நாக்கால இலை இலையா சொரண்டித் தின்னுச்சு. "உவ்வே. எவன்டா ரெண்டு கோட்டு அடிச்சான்?"

முதல் இலை சுத்தமானதுமே குரல் வந்துச்சு.

"டேய் மாசிலா."

"சொல்லு செடி."

"பசிக்குதுடா. அதைத்தான் அன்னைக்கே சொல்ல வந்தேன்."

மறுநாள் மத்தியானம் செடி பழையபடி தலையைத் தொங்கப் போட்டுச்சு. மாசிலாவுக்குக் கை இல்லாமலே கை பரபரத்துச்சு. கூட்டுக்குள்ள போய், தன் வாசலை மட்டும் அடைச்சிட்டுப் படுத்துச்சு. மழை வந்து எந்திரிச்சுப் பாத்தா, தலைக்கு மேல புத்தம் புது இலை ரெண்டு.

நமக்கு ஒத்து வர்றதை அடுத்தவங்களைக் கேக்காமலே அவங்க மேல பூசினா, நாம செய்ற உதவியே அவங்க மூச்சை அடைச்சிடும்.