அடைக்கு உட்காராத வெள்ளை

சங்கிலிக்கு இருப்புக் கொள்ளவில்லை. காளீஸ்வரி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டுவிட்டார்.

"என் கோழிக ஏன் அடைக்கு உக்கார மாட்டேங்குது, தாயி?"

அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காளீஸ்வரி அவரைவிட வயதில் மிகவும் சின்னவள். ஆனாலும் விசிறிவால் கோழி வளர்ப்பில் அவள்தான் அவருக்குக் குரு. குருவின் முன்னால் சீடன் அடக்கமாக நிற்க வேண்டும் என்பார்கள். சங்கிலி நிற்கவும் இல்லை, உட்காரவும் இல்லை. முட்டைக் கூடையோடு முற்றத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார்.

நடந்தபடியே நடந்ததைச் சொன்னார். மரநாய் கூட்டுக்குள் புகுந்து சேவலையும் வளர்ந்த குஞ்சுகளையும் அடித்துப் போட்டுவிட்டது. பொட்டுக் கறுப்பு இல்லாத வெள்ளை, தரையில் புரளும் வால். தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த வம்சம் அது. கண்காட்சியில் அந்தச் சேவலைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும். இப்போது மிச்சம் இரண்டு பெட்டைகளும் அந்தச் சேவலின் கரு உள்ள இந்தக் கடைசி முட்டைகளும்தான். பெட்டைகள் முட்டை போட்டதோடு சரி, திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. குஞ்சு பொரிக்கிற மிஷினில் வைத்த முட்டைகள் கரண்ட் போய்க் கெட்டுவிட்டன. இவையும் கெட்டால் வம்சமே முடிந்தது. கோழிக்கு அழுகிற ஆள் என்று ஊர் சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும், அவருக்கு அழுகை வந்தது.

காளீஸ்வரி கேட்டாள்.

"வளர்ப்புக்குன்னு எந்தக் கோழிய நிப்பாட்டுனீங்க, எதைக் கழிச்சுத் தள்ளுனீங்க?"

"நல்லத மட்டுந்தான் நிப்பாட்டுனேன்."

"நல்லதுன்னா?"

"இறகுதான். வேற என்ன?"

"அடைக்கு உக்காந்தத என்ன செஞ்சீங்க?"

"உக்காந்தா இறகு கொட்டிரும்லா. தண்ணியில முக்கி எந்திரிக்க வைப்பேன். அதுக்கும் மசியலைன்னா தள்ளிருவேன்."

"ஒவ்வொரு தலைமுறையிலயுமா?"

"ஒவ்வொரு..." என்று ஆரம்பித்தவர் நடையை நிறுத்தினார்.

காளீஸ்வரி அவரைக் கொட்டகைக்குள் கூட்டிப்போனாள். மூலையில் ஒரு பழைய கூடையில் கோழி ஒன்று அடை காத்துக்கொண்டிருந்தது. நெஞ்சில் இறகே இல்லை. கொண்டை வெளுத்து, உடம்பெல்லாம் புழுதி அப்பி, என்ன நிறம் என்றே சொல்ல முடியவில்லை. சங்கிலி கையை நீட்டினார். புறங்கையில் ரத்தம் வரக் கொத்தியது.

"பிசாசு மாதிரி கொத்துதே. எந்த வம்சம் இது?"

"உங்க வம்சந்தான். போன வருசம், அடைய விட்டு எந்திரிக்க மாட்டேங்குது, குழம்புக்கு வச்சுக்கன்னு குடுத்தீங்களே, அண்ணாச்சி."

சங்கிலி குனிந்து பார்த்தார். புழுதிக்கு அடியில் வெள்ளை தெரிந்தது. கூட்டத்துக்கு நடுவில் ஓடுகிற குஞ்சின் மேல் ஒரு கறுப்பு இறகு இருந்தாலும் கண்டுபிடித்துவிடுகிறவர் அவர். தன் கோழியைத் தனக்கே அடையாளம் தெரியவில்லை என்பது அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

காளீஸ்வரி அந்தக் கோழியின் முட்டைகளை எடுத்துவிட்டு அவருடைய முட்டைகளை வைத்தாள். கோழி அவற்றை அலகால் ஒவ்வொன்றாக நெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டது.

குஞ்சு வெளிவரும் நாளுக்கு வந்தால் போதும் என்று அவள் சொல்லி அனுப்பினாள். அவரா கேட்பார்? ஒரு நாள் கோழிக்குத் தீனியாகக் கம்பு கொடுக்க வந்தார். ஒரு நாள் இந்தப் பக்கமாகப் போனதால் வந்தேன் என்றார். அந்தப் பக்கம் போவதற்கு ஒன்றுமே கிடையாது. வரும்போதெல்லாம் கோழியைத் தூக்கிப் பார்ப்பார், முட்டையை வெயிலில் பிடித்துப் பார்ப்பார். காளீஸ்வரி திட்டினாள். திட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டு மறுநாளும் வந்தார்.

மார்கழிக் குளிரில் ஒரு காலையில் குஞ்சுகள் வெளிவந்தன. ஒன்றிரண்டு முட்டை கூமுட்டையாகப் போனது, மற்றதெல்லாம் பொரித்துவிட்டது. ஈரம் காயாத குஞ்சுகள் தாயின் வெற்று நெஞ்சில் ஒட்டிக்கொண்டு கிடந்தன. சங்கிலி சிரித்தார், கண்ணைத் துடைத்தார், மறுபடியும் சிரித்தார். வம்சம் பிழைத்துவிட்டது.

கொஞ்ச நேரம்தான். பிறகு அவர் கை சும்மா இருக்கவில்லை. கோழியை இரண்டு கையாலும் தூக்கினார். சரியாகத் தின்னாமல் கிடந்ததில் அதன் உடம்பில் எடையே இல்லை. வாசல் வெளிச்சத்தில் ஒரு சிறகை விரித்துப் பார்த்தார். நெஞ்சில் ஊதிப் பார்த்தார். ஒடிந்துபோன வால் இறகுகளை விரலால் நீவி நீவி அளந்தார். இது மட்டும் தேறிவிட்டால் செத்துப்போன சேவலையே தூக்கிச் சாப்பிட்டுவிடும் என்று தோன்றியது. சித்திரையில் கண்காட்சி இருக்கிறது.

"தாயி, இவளுக்கு இறகு எப்ப முளைக்கும்? பழைய அழகு திரும்பி வந்துருமா?"

கீழே வைக்கோலில் குஞ்சுகள் கீச்சிட்டன. அவர் சிறகை இன்னும் கொஞ்சம் விரித்தார்.

காளீஸ்வரி கோழியைப் பார்க்கவே இல்லை.

"குஞ்சு குளிர்ல கத்துது, அண்ணாச்சி. அவளைக் கீழ விடுங்க."