கத்தி படாத பக்கம்

பேராசிரியர் தேசிகனின் மொழிபெயர்ப்பைத் தட்டச்சு செய்துவந்த அஞ்சலைக்கு ஒரு வரி பிடிபடவில்லை. எதிராளியின் வாதத்தைச் சொன்ன ஆங்கிலத் தத்துவ ஆசிரியர், 'அது எப்படியிருந்தாலும்' என்று பக்கத்தை முடித்திருந்தார்.

“அவரு ஒத்துக்கறாரா, மறுக்கறாரா சார்?”

“இருபது வருஷமா இந்தப் புத்தகத்தை நடத்தறேன். என்னையே கேக்கறியா? சாயங்காலத்துக்குள்ள நீயே சொல்லு. இல்லேன்னா நாளைலேருந்து வேலைக்கு வராதே.”

அஞ்சலை தேசிகனின் ஆங்கில மூலப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள்.

“சொல்றேன் சார். ஒரு கத்தி வேணும்.”

“கத்தி எதுக்கு?”

“அச்சகத்துல மடிச்ச தாள், படிக்கறவங்கதான் வெட்டிப் பிரிக்கணும். இங்கேருந்து கடைசிவரைக்கும் ஓரம் பிரிக்கவே இல்லை.”

தேசிகன் கத்தியை எடுத்துத் தானே வெட்டினார். அடுத்த பக்கம் 'இருந்தபோதிலும்' என்று தொடங்கியது.

இருவரும் விழித்தார்கள்.

“நாற்காலியை இப்படிப் போடும்மா,” என்றார் அவர். “நாளைக்கும் சீக்கிரமே வந்துடு.”